வீட்டை வரையும் முன் ஏரியை வரைய வேண்டும்

வட ஆற்காட்டுப் பக்கம் பழைய வீடுகளைப் பதிவுசெய்ய வருகிறவர்கள் பெரும்பாலும் நேராகத் தெருவுக்குள் போய்விடுகிறார்கள். திண்ணை, தூண், வாசக்கால், முற்றம் என்று படமெடுத்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸுக்குத் திரும்பிவிடுகிறார்கள். நானும் நண்பர்கள் சிலரும் வாலாஜா, காவேரிப்பாக்கம், நெமிலி சுற்றுவட்டார ஊர்களில் டேப்பும் வரைதாளுமாகச் சில வருஷமாக அலைந்துகொண்டிருக்கிறோம். பொழுதெல்லாம் கட்டட பிளான் போடுவதுதான் என் பிழைப்பு. இது விடுமுறை நாள் வேலை. இதில் எங்களுக்கு ஒரு விஷயம் உறுதிப்பட்டுவிட்டது. இந்தப் பக்கத்து ஊர்களில் முதல் கட்டடம் ஏரிக்கரை. வீடெல்லாம் அதற்கு அப்புறம் வந்தவை. கரையை அளக்காமல் வீட்டை மட்டும் அளந்தால், அந்த வீடு ஏன் அந்த இடத்தில், அந்த உயரத்தில், அந்த மண்ணால் நிற்கிறது என்பதற்கு நம் தாளில் பதில் இருக்காது.

இதை எங்களுக்குப் புரியவைத்தவர் ஒரு நீர்க்கட்டி, அதாவது மதகைத் திறந்து ஏரித் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிடுகிறவர். வேலையை விட்டு ரொம்ப காலம் ஆகிவிட்ட பெரியவர். ஒரு ஓட்டு வீட்டின் திண்ணையை அளந்துகொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "ஊடு எங்கியும் ஓடிடாதுபா. மொதல்ல ஏரியாண்ட வாங்க, அப்பால ஊட்ட எழுதிக்கலாம்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடக்க ஆரம்பித்தார். சரி, என்ன இருக்கிறது பார்ப்போம் என்று பின்னாலேயே போனோம்.

இங்கே ஆறு இருக்கிறது, ஆனால் அதை நம்பி ஊர் கட்ட முடியாது. பாலாற்றில் வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான் தெரியும். வந்தால் 2021 நவம்பர் மாதிரி கரைபுரண்டு வரும். வராவிட்டால் வருஷக்கணக்கில் வராது. அதனால் பெய்த மழையை அங்கங்கே மண்கரை போட்டுத் தேக்கி, ஒரு ஏரி நிரம்பி வழிவது அடுத்த ஏரிக்குப் போகிறபடி தொடராக அமைத்திருக்கிறார்கள். மானாவாரி ஏரிகள் தன் மேட்டுநிலத்து மழையை மட்டும் நம்பியவை. ஆற்றுப் பாசன ஏரிகளுக்கு 1858இல் வாலாஜாவுக்குப் பக்கத்தில் கட்டிய பாலாறு அணைக்கட்டிலிருந்து கால்வாய் பிரிகிறது. காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, தூசி, சக்கரமல்லூர் என்று அந்தக் கால்வாய்கள் போய்ச் சேரும் ஊர்களின் பெயராலேயே அவற்றைச் சொல்கிறார்கள். இதில் காவேரிப்பாக்கம் ஏரி மட்டும் 3,968 ஏக்கர். கரையின் ஒரு முனையில் நின்றால் மறுமுனை கண்ணுக்குத் தெரியாது. அதைப் பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் காலத்து ஏரி என்பார்கள். அவனுடைய பட்டப்பெயரை வைத்துத்தான் கல்வெட்டுகளில் அந்த ஊர் அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம் ஆனது.

மகேந்திரவாடிக்குப் போனவர்கள் அந்தச் சின்னக் குடைவரையைப் பார்த்திருப்பார்கள். வயல்வெளி நடுவில் தனியாகக் கிடக்கும் பாறை. அதைக் குடைந்து எடுத்த கோயில். முதலாம் மகேந்திரவர்மன், 7ஆம் நூற்றாண்டு. தூணில் உள்ள வடமொழிச் செய்யுள், குணபரன் என்கிற அரசன் மகேந்திரபுரத்தில், மகேந்திர தடாகத்தின் கரையில், பாறையைப் பிளந்து இந்த விஷ்ணு கோயிலைச் செய்தான் என்கிறது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது கோயில் இருக்குமிடத்தை அந்தச் செய்யுள் சொல்லும் விதம். ஊர் பெயர், அடுத்து ஏரி. பல்லவர் காலத்துக் கவிஞர் ஒருவருக்கே ஏரியைச் சொல்லாமல் கோயில் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை. நாம் மட்டும் வீட்டு எண்ணையும் தெருப் பெயரையும் எழுதிவிட்டு வந்துவிடுகிறோம்.

பெரியவர் எங்களை முதலில் கூட்டிப்போனது மதகுக்கு. இப்போது அங்கே இரும்புப் பலகை, திருகு, மேலே சக்கரம் எல்லாம் வந்துவிட்டன. பழைய மதகு பக்கத்திலேயே கைவிட்டுக் கிடக்கிறது. கரையின் உள்பக்கத்தில் ஆளுயரத்துக்கும் மேலே இரண்டு கல்தூண்கள். இரண்டையும் இணைத்துக் குறுக்கே கல்பலகைகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை. அந்தத் துளைகள் வழியாக நீளமான கம்பு ஒன்று கீழே இறங்கும். கம்பின் அடியில் கூம்பாகச் செதுக்கிய மரக்கட்டை. அது கீழே தரையில் பதித்த கல்லின் ஓட்டையில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். கம்பைத் தூக்கினால் கட்டை எழும்பும்; தண்ணீர் கரைக்கு அடியில் ஓடும் கல் வாய்க்கால் வழியாக வயல் பக்கம் வெளியே வரும். எவ்வளவு தூக்குகிறோமோ அவ்வளவு தண்ணீர். கட்டை சரியாக உட்காராமல் கசிந்தால் நீர்க்கட்டி முங்கிப் போய்க் களிமண் அப்பிவிட்டு வர வேண்டும். மார்கழி விடியற்காலையில் அப்படி முங்கியதை அவர் சொல்லும்போது தோளைக் குறுக்கிக்கொண்டார். மேல் கல்பலகையின் துளை விளிம்பு, கம்பு உரசி உரசி ஒரு பக்கமாக வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. கம்பைத் தூக்குகிறவர் எந்தப் பக்கம் நின்று தூக்கினார் என்பதைக்கூட அந்தத் தேய்மானம் காட்டுகிறது. அதை முழு அளவில் தனித் தாளில் வரைந்து வைத்திருக்கிறோம். எங்கள் தாள்களிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

மதகிலிருந்து கரை மேலேயே நடந்து போனால் கலிங்கல். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற இடம். வேலூர்ப் பக்கத்தில் ஏரி நிரம்பிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஏரி கோடி போகிறது என்பார்கள். பழைய கலிங்கல்களின் மேல்மட்டத்தில் முழங்கால் உயரக் குத்துக்கற்கள் வரிசையாக நட்டிருக்கும். மழைக்காலம் உச்சத்தில் இருக்கும்போது கற்களுக்கு நடுவில் தண்ணீர் தடையில்லாமல் ஓடட்டும் என்று விட்டுவிடுவார்கள். மழை ஓய்கிற நேரம் பார்த்து, கற்களுக்கு இடையில் வைக்கோலும் புல்கரணையும் மண்ணும் வைத்து அடைத்தால் இன்னும் ஒரு முழம் தண்ணீர் சேர்த்து நிற்கும். எப்போது அடைப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சீக்கிரம் அடைத்துவிட்டு மறுநாள் பெருமழை பிடித்தால் கரை உடையும். தாமதித்தால் அந்த ஒரு முழம் கிடைக்காது. அடைத்தால் கீழ் ஏரிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அடைக்காவிட்டால் நவரைப் போக நெல்லுக்குத் தண்ணீர் போதாது. உள்வாயில், அதாவது கரைக்கு உள்ளே தண்ணீர் நிற்கிற பக்கத்தில், பட்டா நிலம் வைத்திருப்பவர்கள் தங்கள் பயிர் முழுகுகிறது என்று ராத்திரியில் வந்து பிடுங்கிப்போட்டதும் உண்டாம். ஒரு வரிசைக் கல்லுக்குள் மூன்று தரப்பின் வழக்கும் அடங்கியிருக்கிறது. அதனால்தான் கலிங்கல் படத்தில் கல்லின் உயரத்தை மட்டும் குறித்து நிறுத்திக்கொள்ளக் கூடாது, அடைக்கிற மாதத்தையும் அடைக்கிறவர்களையும் ஓரத்தில் எழுத வேண்டும் என்கிறேன்.

கரையில் இன்னொன்றும் கவனிக்க வேண்டியது உண்டு. உள்சரிவில் அலையைத் தாங்கக் கருங்கல் அடுக்கு. வெளிச்சரிவில் பனைமரங்கள். நடுவில் வண்டி போகிற அகலத்துக்குப் பாதை. கோடிக்குப் பக்கத்தில் ஏழு கன்னிமார் கற்கள், மஞ்சள் குங்குமத்தோடு. பல ஊர்களில் ஏரி கோடி போன அன்றைக்கு மேளத்தோடு வந்து பூ தூவி, கிடா வெட்டிவிட்டுப் போவார்கள். இது இன்றைக்கும் தவறாமல் நடக்கிறது, ஏரித் தண்ணீரில் பயிர் வைக்காதவர்களும் வருகிறார்கள்.

இனி வீட்டுக்கு வருவோம். இப்படி ஏரியைச் சுற்றிவிட்டு வந்து பார்த்தால் வீடு வேறு மாதிரி தெரிகிறது. சுவர் மண் எங்கிருந்து வந்தது? சித்திரை வைகாசியில் ஏரி காய்ந்ததும் வெட்டி எடுத்தது. வெறும் வண்டல் வைத்தால் காய்ந்ததும் வெடித்துவிடும். அதனால் மணல் கலந்த மேட்டு மண்ணையும் துண்டு துண்டாக நறுக்கிய வைக்கோலையும் சேர்த்து மிதித்துக் குழைத்து, ஒரு முழம் உயரம் வைத்து, காயவிட்டு, அதன் மேல் அடுத்த முழம் வைத்திருக்கிறார்கள். பூச்சு உதிர்ந்த சுவரில் இந்த அடுக்குக் கோடுகள் தெளிவாகத் தெரியும். அடுக்கை எண்ணினால் சுவர் எழும்ப ஏறக்குறைய எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று ஊர்க்கொத்தனார்கள் சொல்லிவிடுவார்கள். கூரையின் வாரைகள் கரையில் நின்ற பனையை அறுத்து எடுத்தவை. தூண்கள் பல வீடுகளில் மரமே கிடையாது, கருங்கல். பாறைக்குப் பஞ்சமில்லாத சீமை இது.

ஓடும் ஏரியிலிருந்துதான். நாட்டு ஓடு செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? குயவர் சக்கரத்தில், ஒரு பக்கம் அகலமும் மறுபக்கம் கொஞ்சம் ஒடுக்கமுமாக அடியில்லாத குழாய் போல முதலில் வனைவார். அது அரைகுறையாகக் காய்ந்ததும் நெடுக்காகக் கீறி இரண்டாகப் பிரிப்பார். ஒரு குழாய்க்கு இரண்டு ஓடு. அடுக்கும்போது ஒரு வரிசை மல்லாத்தி, மேல் வரிசை கவிழ்த்தி. குழியில் ஓடுகிற மழைத்தண்ணீர் ஒரு ஓட்டிலிருந்து அடுத்ததற்கு இறங்கி இறவாரத்தில் விழும். சில ஓடுகளின் உள்பக்கத்தில் வனைந்தவரின் விரல் ரேகை வளைந்து வளைந்து அப்படியே சுட்டுப் பதிந்திருக்கிறது. இந்த ஓடு நகரும். குரங்கு குதிக்கும், பூனை நடக்கும், காற்று தள்ளும். ஆகவே ஆடி ஆவணிக்குள் ஒருமுறை பிரித்து, உடைந்ததை மாற்றி, மறுபடி அடுக்கியாக வேண்டும். அதற்குப் புது ஓடு வேண்டும், அதற்குக் குயவர் வேண்டும், அவருக்கு ஏரி மண் வேண்டும். இதில் எது அறுந்தாலும் வீடு ஒழுக ஆரம்பித்துவிடும். இன்றைக்கு ஏரி மண் எடுப்பதற்கு அதிகாரிகளிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. ஓடு வனைகிறவர்களை நாங்கள் தேடித்தான் கண்டுபிடிக்கிறோம். பழைய வீடுகள் ஏன் இடிகின்றன என்று கேட்பவர்களிடம், பிள்ளைகள் சென்னைக்குப் போனதை மட்டும் காரணமாகச் சொல்லிவிட்டு நகர்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

முற்றத்து வீடு ஒன்றை மழை பெய்கிறபோது உள்ளே உட்கார்ந்து பார்க்க வேண்டும். நாலு பக்கத்துத் தாழ்வாரமும் உள்நோக்கிச் சரிவதால், தெருவில் ஓய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் முற்றத்தில் மழை பெய்துகொண்டிருக்கும். நாலு மூலையிலும் ஓடுகள் சேரும் குழிவில் தண்ணீர் மொத்தமாக இறங்கும். அங்கே தகரத் தாரை வைத்து அண்டாவில் பிடிப்பார்கள். முதல் மழையைப் பிடிப்பதில்லை, அது ஓட்டுத் தூசியைக் கழுவட்டும் என்று விட்டுவிடுவார்கள். அந்த வீட்டு அம்மா அண்டாக்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே, "பருப்பு வேகறதுக்கு இந்தத் தண்ணிதான்" என்றார். முற்றத்துக் கல்தரை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒரு மூலையை நோக்கிச் சரிந்திருக்கிறது. அங்கே ஒரு துளை, அதிலிருந்து கூடத்துக்கு அடியில் ஒரு கல்தூம்பு, வெளியே தெருக்கால்வாய், அதிலிருந்து ஊர்க்குட்டை. ஏரிக் கரைக்கு அடியில் போகிற அதே மாதிரி கல் வாய்க்கால்தான் இங்கேயும், அளவுதான் சிறிது. நாங்கள் அந்த வீட்டின் வெட்டுத்தோற்றத்தைக் குட்டை வரைக்கும் நீட்டித்தான் வரைந்தோம்.

திண்ணை உயரமும் தண்ணீரைச் சொல்லும். ஊரின் மேட்டுத் தெருவில் திண்ணை முழங்கால் அளவுதான். கோடித் தண்ணீர் போகிற ஓடைப்பக்கம் வரவர உயர்ந்து, கடைசித் தெருவில் இடுப்பு வரைக்கும் வந்துவிடுகிறது. அதற்கும் அப்பால் காலனி. அங்கே திண்ணையும் கிடையாது, உயரமும் கிடையாது. ஏரி கோடி போகிற வருஷமெல்லாம் தண்ணீர் முதலில் நுழைவது அங்கேதான். இதைச் சொல்லாமல் நான் எந்தப் பாரம்பரியக் கட்டடக்கலையையும் எழுத மாட்டேன். வட ஆற்காட்டின் பல ஊர்களில் மதகை ஏற்றி இறக்கியவர்கள், இரவில் கரையைக் காவல் காத்தவர்கள், கரை உடைந்தால் முதலில் இறங்கியவர்கள் தலித் மக்கள். அறுவடைக் களத்தில் அவர்களுக்கு மேரை என்று சில கட்டு நெல் கொடுத்தார்கள். ஊருக்கெல்லாம் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுத்தவர்களுக்கு ஊர்க்கிணற்றில் ஒரு குடம் இறைக்க உரிமை இருந்ததில்லை. மதகு காட்டிய பெரியவர் எந்த வயலுக்கு எந்த மடையில் எத்தனை நாழிகை என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்கிறார். அவர் வீட்டுக்கு எந்த வழியாகத் தண்ணீர் வந்தது என்று கேட்டபோது, அவருடைய அம்மா ஏரி உள்வாயில் ஊற்று தோண்டி எடுத்து வந்ததைச் சொன்னார். அந்த நடைவழியையும் எங்கள் வரைபடத்தில் கோடு போட்டுச் சேர்த்திருக்கிறோம்.

நல்ல தண்ணீர்க் கிணறு என்பது பெரும்பாலும் கரைக்குக் கீழே, ஏரியின் கசிவு ஊறுகிற இடத்தில் இருக்கும். ஊர் நடுவில் உள்ள கிணறு சப்பென்றோ உப்பாகவோ இருந்தாலும் அது மட்டும் தித்திக்கும். கயிறு அறுத்த தடம் கிணற்று விளிம்புக் கல்லில் விரல் நுழைகிற ஆழத்துக்கு இருக்கிறது. காலையில் பெண்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள இருந்த ஒரே இடம் அதுதான் என்று பல ஊர்களில் ஆயாக்கள் சொன்னார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்தில் பல கிணறுகள் தோல் பதனிடும் கழிவால் கெட்டுப்போனது ஊரறிந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்த் தீர்ப்பு வந்தது. கல் அப்படியே இருக்கிறது, தடம் அப்படியே இருக்கிறது, தண்ணீரை மட்டும் வாயில் வைக்க முடியாது. அப்படிப்பட்ட கிணற்றைப் பாரம்பரியச் சின்னம் என்று அழகாகப் படமெடுத்துப் போடுவது எனக்கு ஒப்பவில்லை. போட்டால் அடியில் தண்ணீரின் கதையையும் எழுதிவிட வேண்டும்.

கோடையில் ஏரி வேறு ஊராகிவிடும். கடைசித் தண்ணீரில் ஊத்தா என்கிற மீன்பிடி கூடையோடு ஊரே இறங்கிக் குறவையும் கெளுத்தியும் பிடிக்கும். அப்புறம் உள்வாயில் வெள்ளரி, வண்டி வண்டியாக வயலுக்கு வண்டல், பையன்களுக்குக் கிரிக்கெட். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படித்து, ராத்திரியெல்லாம் கூத்து நடந்து, கடைசியில் மண்ணால் செய்த துரியோதனன் படுகளத்தில் கிடப்பான். அவனையும் இந்த மண்ணில்தான் செய்கிறார்கள்.

ஏற்கெனவே பதிவுசெய்தவர்கள் இல்லாமல் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916 வாக்கில் தம் மாணவர்களைக் கொண்டு சில கிராமங்களை ஆராய்ந்தபோது, வட ஆற்காட்டிலிருந்து எடுத்துக்கொண்ட ஊர் தூசி. மாமண்டூர் ஏரியை ஒட்டிய ஊர் அது. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டித் தேர்ந்தெடுத்த கிராமங்களைப் பற்றித் தனித்தனி நூல்கள் வந்தன. வீட்டு அமைப்பும் வீட்டுச் சாமானும்கூட அவற்றில் இடம்பெற்றன. முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில் பழைய வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். அவ்வளவு கவனமாகச் செய்த வேலையைப் பார்த்து நான் நிறையக் கற்றுக்கொண்டேன். ஆனால் ஏரியைக் கழற்றிக் கொண்டுபோக முடியாது. இருக்கிற இடத்தில்தான் அதைப் பதிவுசெய்ய முடியும், அதுவும் வருஷத்தில் ஒரு தடவை போய் முடிகிற காரியம் இல்லை. ஐப்பசி கார்த்திகையில் நிறைந்திருக்கும்போது ஒரு படம், தையில் சம்பா அறுக்கும்போது ஒன்று, சித்திரையில் தரை தெரியும்போது ஒன்று. மூன்றையும் ஒரே அளவில் வரைந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அந்த ஊரில் வாழ்வது என்றால் என்ன என்று கொஞ்சமாவது பிடிபடும்.

இதைச் செய்ய விரும்புகிறவர்களுக்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. நில அளவை அலுவலகத்தில் கிராம வரைபடம் விலைக்குக் கிடைக்கும். அதில் ஏரி, அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால், குட்டை, ஓடை எல்லாம் சர்வே எண்ணோடு இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தாலே எந்த வரத்துக்கால் இப்போது ரோடாகிவிட்டது, எந்தக் குட்டையின் மேல் கட்டடம் நிற்கிறது, எங்கே வேலிக்காத்தான் மூடிவிட்டது என்பது தெரிந்துவிடும். ஊர்ப் பெரியவர் ஒருவர் கூட நடந்தால் இன்னும் நல்லது. அவரை உட்காரவைத்துப் பேட்டி எடுப்பதைவிடக் கரையில் கூட நடந்தால் பத்து மடங்கு சொல்வார். மடையைப் பார்த்தால்தான் மடைச் சண்டை ஞாபகம் வரும். ஆழ்துளைக் கிணறும் இலவச மின்சாரமும் வந்தபின் ஏரித் தண்ணீருக்காகக் காத்திருக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அதனால் இப்படிச் சொல்லத் தெரிந்தவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

இப்போது காவேரிப்பாக்கத்துக்குக் கிழக்கே ஒரு மானாவாரி ஏரியின் கலிங்கலை வரைந்துகொண்டிருக்கிறோம். குத்துக்கல் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, உயரமும் உளித்தடமும் குறித்து வருகிறோம். கோடைக்கு மேல் அங்கே கான்கிரீட் வேலை தொடங்கும் என்று பேச்சு அடிபடுவதால், சித்திரைக்குள் முடித்தாக வேண்டும். அந்தப் பக்கத்தில் யார் வீட்டுப் பரணிலாவது பழைய மேரைக் கணக்கு, மடை முறை எழுதிய நோட்டு, ஏரி மீன் ஏலச் சீட்டு இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் ஒரு தடவை எங்களைப் பார்க்கவிடுங்கள். திண்ணையிலேயே உட்கார்ந்து படமெடுத்துக்கொண்டு, அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம்.